கீழ்நோக்கிய அடியை மதிக்காத மெட்டாலிக்கா விளையாட்டு

மெட்டாலிக்கா என்ற ஹெவி மெட்டல் குழுவின் பாடல்களுக்கு, கிட்டார் வடிவக் கருவியைத் தட்டி விளையாடும் ‘கிட்டார் ஹீரோ: மெட்டாலிக்கா’ வீடியோ விளையாட்டின் மீது எனக்குள்ள குறை, பல ஆண்டுகளாக விளையாடிய பின்பும் ஒன்றே ஒன்றுதான்: மேல்நோக்கி மீட்டினாலும் கீழ்நோக்கி மீட்டினாலும் அது ஒரே மதிப்பெண்ணையே கொடுக்கிறது. வேறு எந்த இசைக்குழுவைப் பற்றிய விளையாட்டாக இருந்தாலும் இதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். ஆனால் குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் ரிதம் கிட்டார் என்றாலே அது கீழ்நோக்கிய அடிதான். 1986இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பாடல் நிமிடத்துக்கு 210ஐ ஒட்டிய தாள வேகத்தில் ஓடுகிறது. அதன் முதன்மை ரிஃப்பில், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கில், வினாடிக்கு ஏறக்குறைய 7 அடிகள் விழுகின்றன. அவற்றைக் கையை மேலும் கீழுமாக ஆட்டி எளிதாக வாசித்துவிடலாம். அவரோ எல்லாவற்றையும் கீழ்நோக்கியே அடிக்கிறார். அந்த ரிஃப்பின் கனமும் கடுமையும் அதிலிருந்துதான் பிறக்கின்றன. 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் நடந்த மெட்டாலிக்கா கச்சேரியில் மேடைக்கு அருகில் இடம் பிடித்து, அவருடைய வலது மணிக்கட்டைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த விளையாட்டில் கையை எப்படி ஆட்டினாலும் நட்சத்திரங்கள் குவிகின்றன. மிருதங்கத்தில் தொப்பியில் விழ வேண்டிய அடியை வலந்தலையில் அடித்தாலும் ‘பேஷ்’ என்று சொல்கிற வாத்தியாரை ஒத்தது இது. கருவிக்குத் திசை தெரியாது என்றால்கூட மன்னித்துவிடலாம். ஆனால் அதற்கு நன்றாகவே தெரியும். பாடல் பட்டியலில் கீழே போக, கம்பிகளுக்குப் பதிலாக இருக்கும் ஸ்ட்ரம் பார் என்ற பட்டையைக் கீழே தட்டுகிறோம், மேலே போக மேலே தட்டுகிறோம். பட்டியலில் திசையறிந்து நடக்கிற அதே பார், பாடல் தொடங்கியதும் திசையை மறந்துவிடுகிறது. உயர்ந்த நிலையிலாவது, விரும்புகிறவர்களுக்கு மட்டுமாவது, கீழ்நோக்கிய அடியைக் கட்டாயமாக்கும் ஒரு தேர்வை வைத்திருக்கலாம். டிரம்ஸுக்கு அந்த மரியாதை கிடைத்திருக்கிறது: இரண்டு கால்களாலும் மிதித்துப் பெரிய டிரம்மை அடிக்கும் இரட்டை பேஸ் பெடலுக்கென்றே ‘எக்ஸ்பெர்ட் பிளஸ்’ என்ற தனி நிலையைச் சேர்த்திருக்கிறார்கள். டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிச்சின் இரண்டு கால்களுக்கும் காட்டிய அக்கறையில் பாதியை ஹெட்ஃபீல்டின் ஒரு கைக்கும் காட்டியிருக்கலாம் என்பது என் ஆற்றாமை. (டிரம்ஸைப் பற்றி நான் அதிகம் பேச முடியாது. கீழ்வீட்டில் ஆள் குடியிருக்கும் அடுக்ககத்தில் பெடலை மிதித்து விளையாடுவது நடக்கிற காரியமில்லை.)

நியாயமாகப் பார்த்தால் எதிர்த்தரப்பிலும் வலு இருக்கிறது. திசையைக் கட்டாயமாக்கினால் புதிதாக வருகிறவர் முதல் பாடலிலேயே கிட்டாரைக் கீழே வைத்துவிடுவார். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாருக்கு அந்த விதியே பொருந்தாது. குழுவின் பேஸ் கலைஞர்களில் கிளிஃப் பர்ட்டன் விரலால்தான் வாசித்தார், ராபர்ட் ட்ருஹியோவும் அப்படித்தான் வாசிக்கிறார். இவையெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், நான் இந்தக் குழுவின் பாடல்களைக் கீழ்நோக்கி மட்டுமே அடித்து விளையாடி வந்திருக்கிறேன். அதன் பயனாக, ஸ்ட்ரம் பாருக்கு அடியில் இருக்கும் இரண்டு மைக்ரோ சுவிட்சுகளில் கீழ்ப்பக்கத்தது தேய்ந்து, முதலில் ஒரு தட்டுக்கு இரண்டாகப் பதிவுசெய்யத் தொடங்கியது. பிறகு பதிவு செய்வதையே நிறுத்திக்கொண்டது. மேல்பக்கத்து சுவிட்ச் புத்தம் புதிதுபோல் இருந்தது. பெங்களூருவின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் அதைப் பிரித்துப் பார்த்த கடைக்காரர், ஒரு பக்கம் மட்டும் இப்படித் தேய்வது ஏன் என்று கேட்டார். விளக்க முயன்று பாதியில் விட்டுவிட்டேன். மாற்று சுவிட்ச் மலிவானது, பற்றவைக்கும் வேலையும் சிறியதுதான். ஆனால் சரியான அளவு சுவிட்ச் கிடைக்கும்வரை காத்திருந்த காலம் நீண்டது.

அந்தக் காத்திருப்பில்தான் இந்த விளையாட்டில் நான் எதை இழந்திருக்கிறேன் என்பது புரிந்தது. அது கிட்டார் பகுதியன்று, பேஸ் பகுதி. 1986இல் சுவீடனில் நடந்த பேருந்து விபத்தில் கிளிஃப் பர்ட்டன் இறந்தபின் ஜேசன் நியூஸ்டெட் குழுவில் சேர்ந்தார். அவர் வாசித்து 1988இல் வந்த முதல் முழு ஆல்பத்தில் பேஸ் கிட்டார் இருக்கிறதா என்றே சந்தேகப்படும் அளவுக்கு அதன் ஒலியை அமுக்கி வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஆறாத மனக்குறை. ஒவ்வொரு கருவியும் தனி ஒலித்தடமாக இருப்பதால், இந்த விளையாட்டில் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் நம் கருவியின் ஒலி மட்டும் அறுந்து, அடுத்ததைப் பிடித்ததும் மீண்டும் எழுகிறது. அந்த ஆல்பத்திலிருந்து வரும் ‘ஒன்’ பாடலில் பேஸைத் தேர்ந்தெடுத்து, வேண்டுமென்றே சில சுரங்களை விட்டுவிட்டுப் பிடித்துப் பாருங்கள். இல்லாதபோது பாடலின் அடித்தளம் சரிவதும், வந்ததும் நிமிர்வதும் காதுக்குத் தெளிவாகத் தெரியும். இப்படிப்பட்ட தனித் தடங்களைப் பிரித்தெடுத்து, பேஸ் உரக்கக் கேட்கும்படி அந்த ஆல்பத்தின் பாடல்களை ரசிகர்கள் மறுகலவை செய்ததும் உண்டு. தவறு செய்வதன் வழியாக ஒரு பாடலைக் கேட்கக் கற்றுக்கொடுத்த இந்த ஒரு காரணத்துக்காகவே, வேறெந்த விளையாட்டையும்விட இதை உயரத்தில் வைப்பேன். திரையில் குழுவினரின் உடலசைவுகளைப் பதிவுசெய்து அமைத்த உருவங்கள், வேறு மெட்டல் குழுக்களின் பாடகர்களான லெம்மியும் கிங் டைமண்டும் தலைகாட்டுவது ஆகியவை முதல் வாரத்து மகிழ்ச்சிகள். இப்போது நான் அவற்றைக் கவனிப்பதில்லை.

அலுவலகத்தில் உடன் பணிபுரியும் மதுரைக்காரத் தம்பி ஒருவருக்கு, பழைய பிளேஸ்டேஷன் 3, இந்த வட்டு, ஒரு கிட்டார் மூன்றும் சேர்த்து நல்ல விலையில் கிடைக்கிறதாம். “அண்ணா, வாங்கலாமா?” என்று கேட்டார். கிட்டாரோடு, அதைக் கம்பியின்றி இணைக்கும் யுஎஸ்பி டாங்கிள் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன், ஏனெனில் அது தொலைந்திருந்தால் அந்தக் கிட்டார் வெறும் பொம்மை. பட்டியலில் கீழே தட்டி ஒரு வரிதான் நகர்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இன்றைய தொலைக்காட்சிகளில் படம் சற்றுத் தாமதித்தே வருவதால், அமைப்புகளில் தாமதத்தைச் சரிசெய்யாமல் ஒரு பாடலையும் தொட வேண்டாம் என்றும் சொன்னேன். இவ்வளவையும் சொல்லிவிட்டு, வாங்காதே என்றேன். அந்தப் பணத்தில் ஒரு சாதாரண அகௌஸ்டிக் கிட்டார் வாங்கினால், மேல்நோக்கிய அடி எது, கீழ்நோக்கிய அடி எது என்பதை அதுவே அவருக்குச் சொல்லும். அவர் வேண்டாமென்று விட்டால், விற்பவரின் எண்ணை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கிட்டாரில் கீழ்ப்பக்கத்து சுவிட்ச் இன்னும் நல்ல நிலையில் இருக்கக்கூடும்.