மஞ்சளா, குங்குமப்பூவா, மத்தி மீனா?

மனச்சோர்வு என்று வாய் திறந்தால் போதும், "ராத்திரி மஞ்சள் பால் குடி, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்ல ஒரு சித்தப்பா எல்லா வீட்டிலும் இருப்பார். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மஞ்சளில் வேலை செய்வதாகச் சொல்லப்படுவது குர்குமின். தூளில் அது ஏறக்குறைய 3 சதவீதம்தான். மனச்சோர்வு ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்கு 500 முதல் 1000 மில்லிகிராம் குர்குமின் கொடுத்தார்கள். ஒரு டீஸ்பூன் தூளில் இருப்பதோ 90 மில்லிகிராம். ஆயிரத்தைத் தொடப் பதினோரு ஸ்பூன் போட வேண்டும். அந்தப் பாலை யார் குடிப்பது? குடித்தாலும் உடம்பில் சேர்வது கொஞ்சம்தான். பாட்டி மிளகு தட்டிப் போட்டது வீண் இல்லை: 1998இல் வெளிவந்த பெங்களூர் ஆய்வில், மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்ந்ததும் ரத்தத்தில் குர்குமின் சுமார் 20 மடங்கு ஏறியது. சிக்கல் என்னவென்றால், பைப்பரின் வேறு சில மாத்திரைகளின் அளவையும் இப்படி ஏற்றிவிடும்.

குங்குமப்பூவுக்குத் தேவை நாளுக்கு வெறும் 30 மில்லிகிராம். டெஹ்ரானில் ஆறு வாரம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு அது ஃப்ளூஆக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரைக்கு ஈடு கொடுத்தது. மூன்றில் நேரடி ஆதாரம் இதற்குத்தான் அதிகம் என்பேன். ஆனால் அங்கே கொடுத்தது சாறெடுத்து உலர்த்திய மருந்து. நாம் பாயசத்தில் போடும் இழை அல்ல. கடை இழையிலும் கலப்படம் உண்டு. வெதுவெதுப்பான நீரில் போட்டதும் மளமளவென்று சாயம் இறங்கி இழை வெளுத்தால் போலி. நல்லது மெதுவாகத்தான் நிறம் விடும்.

மீன் எண்ணெயில் முக்கியம் இபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு. வழக்கமான 1000 மில்லிகிராம் குளிகையில் அது 180தான். ஆய்வில் பயன்பட்ட ஒரு கிராமுக்கு ஐந்தாறு விழுங்க வேண்டும். மத்தியிலும் அயிலையிலும் அது நிறைய. குழம்பாகவே வயிற்றுக்குள் போய்விடும். சைவக்காரர்கள் ஆளிவிதையை நம்பினால், உடம்பு அதிலிருந்து மாற்றிக்கொள்ளும் இபிஏ மிகக் குறைவு.

என் ஓட்டு மத்திக் குழம்புக்கு. மாத்திரைக்குப் பதிலாக அல்ல, மாத்திரையோடு. குழம்புக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். குர்குமினோ குங்குமப்பூவோ குளிகையாக வாங்கினால் மட்டும், டப்பாவை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். குறிப்பாக ஏற்கெனவே மனச்சோர்வு மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ எடுப்பவர்கள்.