டேப்பரா, ஃபிளேஞ்சா? பழைய விமான எஞ்சினில் புரொப்பெல்லர் மாட்டுவதும் கழற்றுவதும்

பழைய வெஸ்பாவின் ஃபிளைவீலைக் கழற்றியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். நட்டைத் தளர்த்தினால் கொஞ்சம் இலகுவாக வரும், அப்புறம் இறுகும். புதுப் பையன் பயந்து நிறுத்திவிடுவான். உண்மையில் அந்த இடத்தில்தான் நட்டு சர்க்கிளிப்பில் (பள்ளத்தில் உட்கார்ந்து நட்டை மறிக்கும் எஃகு வளையம்) முட்டி ஃபிளைவீலை வெளியே இழுக்கத் தொடங்குகிறது. பைப்பர் கப் விமானத்தில் வரும் 65 குதிரைத்திறன் கான்டினென்டல் ஏ-65 எஞ்சினிலும் இதே தந்திரம்தான். கிராங்க் ஷாஃப்டின் (எஞ்சினின் சுழலும் தண்டு) முனை டேப்பர், அதாவது கூம்பாகச் சரிந்தது. அதன்மேல் ஹப் (புரொப்பெல்லரைத் தாங்கும் குடம்), இரண்டின் காடியிலும் உட்காரும் சின்ன உலோகத் துண்டான ஒரு கீ, பெரிய நட்டு, நட்டுக்கு முன்னால் சர்க்கிளிப்.

சேலத்தில் ஒரு கல்லூரிப் பயிற்சிக்கூடத்தில் ஸ்டாண்டில் நின்ற ஏ-65 எஞ்சினைப் பார்க்கப் போனபோது ஹப்பைச் சுற்றிலும் சுத்தியல் தடம். முன்பு மாட்டியவர் சர்க்கிளிப்பைப் போடவே இல்லை. ஹப்பை இழுக்கச் சர்க்கிளிப் இல்லாததால் கழற்ற வந்தவர் அடித்துப் பார்த்திருக்கிறார். அந்த அடியெல்லாம் கிராங்குக்கும் பேரிங்குக்கும் போகும். புது சர்க்கிளிப் போட்டு, நீளமான கம்பியால் நட்டைத் திருப்பினோம். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், ஹப் கையோடு வந்துவிட்டது.

மாட்டுவதுதான் டேப்பரில் சோதனை. சுழற்று விசையைத் தாங்குவது கீ என்று பலர் நினைக்கிறார்கள். தாங்குவது டேப்பரின் பிடிப்பு. கீ இடத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் ப்ளூ என்ற நீலச் சாயம் தடவி, ஹப்பும் டேப்பரும் எவ்வளவு ஒட்டுகின்றன என்று மேட்ச் பார்க்க வேண்டும், குறைந்தது 70 சதவீதம் ஒட்ட வேண்டும். முதலில் கீ இல்லாமல் பாருங்கள், பிறகு கீயோடு பாருங்கள். கீ ஒரு மயிரிழை உயரமாக இருந்தாலும் ஹப் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். நட்டு முறுக்கும்போது எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தோன்றும்.

ஃபிளேஞ்ச், அதாவது ஷாஃப்டின் முனையிலேயே இருக்கும் வட்டத் தட்டு, இந்தத் தலைவலி எதுவும் தராது. 1958இல் முதலில் பறந்த எச்.ஏ.எல். நிறுவனத்தின் புஷ்பக் விமானத்தின் 90 குதிரைத்திறன் எஞ்சின் சி-90-8எஃப். கடைசி ‘எஃப்’ ஃபிளேஞ்சைக் குறிக்கிறது. சி-85-12 என்றால் டேப்பர், சி-85-12எஃப் என்றால் ஃபிளேஞ்ச். எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் பெயர்ப்பலகையின் அந்த ஓர் எழுத்தை விடாமல் படியுங்கள். ஆறு போல்ட், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு, போல்ட் தளராமல் கட்டும் லாக் வயர், வேலை முடிந்தது. கழற்ற ஸ்பேனரும் பிளையரும் போதும்.

ஆனால் புரொப்பெல்லர் மரமாக இருந்தால் கதை வேறு. ஏற்காட்டு எஸ்டேட் பங்களா ஒன்றில் மழைக்காலம் முழுக்கக் கிடந்த மர புரொப்பெல்லரை, இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி, ஃபிளேஞ்ச் எஞ்சினில் மாட்டினோம். பங்குனி வெயிலில் பார்த்தால் போல்ட்டுகள் விரலாலேயே அசைகின்றன! மலையில் ஈரம் குடித்து உப்பிய மரம் சேலத்து உலர்வில் சுருங்கிவிட்டது. மரத்தைச் சுழற்றுவது போல்ட்டின் தண்டு அல்ல, ஃபிளேஞ்ச் முகத்தின் அழுத்தம். அது போனால் மரம் உரசிக் கருகும். முதல் ஓட்டத்துக்குப் பின், 25 மணி நேரத்தில், பிறகு பருவம் மாறும்போதெல்லாம் டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையைக் காட்டும் ஸ்பேனர்) வைத்துப் பார்க்க வேண்டும். அதிகமாக முறுக்கி மரத்தை நசுக்கிவிடவும் கூடாது.

டேப்பர்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். உங்கள் ஹப்புக்கும் முன் தட்டுக்கும் நடுவில் அதே மரமும் அதே போல்ட்டுகளும்தான். ஃபிளேஞ்சில் கவலைப்பட ஓர் இணைப்பு, உங்களுக்கு இரண்டு.

மூன்றாவது வகையான ஸ்பிளைன் ஷாஃப்ட் (நீளவாக்கில் பற்கள் வெட்டிய தண்டு) பெரும்பாலும், சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் ரேடியல் எஞ்சின்காரர்களின் பாடு. முன்னும் பின்னும் கோன்கள் (கூம்பு வளையங்கள்) ஹப்பை நடுவில் நிறுத்தும். முன் கோன் இரண்டு பாதிகளும் ஜோடியாக வருபவை, வேறொன்றோடு கலக்கக் கூடாது. முன் கோனின் முனை ஸ்பிளைனில் முட்டினால் ஹப் உட்காராமலே நட்டு இறுகிவிடும். அப்போது பின் கோனுக்குப் பின்னால் ஸ்பேசர் போட வேண்டும். சின்ன எஞ்சினுக்கு இத்தனை உருப்படி தேவையில்லை.

எதைக் கழற்றுவதாக இருந்தாலும் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவை நம்பாதீர்கள். சுவிட்சுக்குப் போகும் ஒயர் அறுந்திருந்தால் ‘ஆஃப்’ என்று காட்டினாலும் எஞ்சின் உயிரோடுதான் இருக்கும், பிளேடை அசைத்தாலே கிளம்பிவிடலாம். பிளக் ஒயர்களைக் கழற்றிவிட்டுத்தான் நான் கை வைப்பேன். மாட்டியபின் ஒரு கட்டையை நிறுத்தி இரண்டு பிளேடு நுனிகளும் ஒரே தடத்தில் வருகிறதா என்று பாருங்கள். மரத்துக்கு எட்டில் ஒரு அங்குலம், சின்ன உலோக புரொப்பெல்லருக்குப் பதினாறில் ஒரு அங்குலம், அதற்குமேல் வித்தியாசம் கூடாது.

புதிதாக எஞ்சின் தேடுகிறவருக்கு நான் ஃபிளேஞ்சைத்தான் சொல்வேன், கொஞ்சம் விலை கூடினாலும். ஏற்கெனவே நல்ல டேப்பர் கையில் இருந்தால் மாற்ற வேண்டாம், ஒரு சர்க்கிளிப்பைக் கூடுதலாக வாங்கி டப்பாவில் போட்டு வையுங்கள். கல்லூரி எஞ்சினில் இப்போது புரொப்பெல்லரைப் படுக்கைவசமாக நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். செங்குத்தாக நின்றால் ஈரம் கீழ்ப் பிளேடில் இறங்கிச் சமநிலை கெடும். பசங்கள் பாதி நாள் மறந்துவிடுகிறார்கள்.