மாடிப் பைக்கு எந்த உரம்? நான் ஏமாந்ததும் தேறியதும்

எங்கள் வீடு திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனிக்குப் பின்சந்தில் இருக்கிறது. மொட்டை மாடியில் 32 குரோ பேக், அதாவது செடி வளர்க்கும் பை. தக்காளி, மிளகாய், கத்திரி, ஓரமாக ஒரு அவரைப் பந்தல். பகலெல்லாம் செக்கிங் செக்ஷனில் துணியில் ஓட்டை தேடுவதுதான் என் வேலை. அதனாலோ என்னவோ, உரப் பாக்கெட்டைக் கையில் எடுத்தாலும் ஓட்டை எங்கே என்றுதான் கண் போகிறது.

முதலில் மண்ணைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் உரத்தைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை. செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும் தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். மூன்று தண்ணீர் ஊற்றி அலசிய பிறகுதான் சேர்ப்பேன். சாம்பல்சத்து (பொட்டாஷ்) அதிலேயே ஓரளவு உண்டு. ஆனால் நார்க்கழிவு மக்குகிற காலத்தில் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜன்) தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆக, இந்தக் கலவையில் முதலில் காலியாவது தழைச்சத்துதான். கீழ் இலைகள் மொத்தமாக வெளுத்து மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும். இந்தக் கணக்குப் புரியாமல் இரண்டு வருடம் பணத்தை மாடியில் கொட்டினேன்.

கொட்டிய பணத்தில் பெரும்பங்கு ஒரு ஆர்கானிக் மிக்ஸுக்குப் போனது. ஆன்லைனில் வாங்கியது, கிலோ 240 ரூபாய். ஜிப் வைத்த பளபள பை, மேலே சிவப்புத் தக்காளிப் படம். பின்பக்கம் வேப்பம்புண்ணாக்கு, கடல்பாசி, எலும்புத்தூள் என்று ஒன்பது பெயர் இருந்தது. தழை எவ்வளவு, மணி (பாஸ்பரஸ்) எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்ற மூன்று எண் மட்டும் எங்கேயும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளை விரித்து அரைக் கிலோவைக் கொட்டிக் கையால் பிரித்துப் பார்த்தேன். முக்கால்வாசி கறுப்பு மக்குத் தூள். அங்கங்கே வெள்ளைக் குருணை. வேப்பம் வாசனை மூக்கை ஒட்டி வைத்தால்தான் வந்தது. மக்கு உரம் என் பையில் ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது, அதையே 240 ரூபாய்க்கு மறுபடி வாங்கியிருக்கிறேன்! செடி சாகவில்லை, அதுவரைக்கும் சரி. தேறவும் இல்லை. அதிலிருந்து எண் போடாத பாக்கெட்டை வாங்குவதில்லை.

அடுத்தது டிஏபி என்ற ரசாயன உரம். அது எண்ணை ஒளிக்காது: 18 தழை, 46 மணி. தோட்டத்துக்கு அது நல்ல உரம்தான், குறை சொல்ல மாட்டேன். தப்பு என் கையில். மிளகாய்ப் பைக்கு ஒரு கைப்பிடி போட்டேன். ஏக்கரில் பரவ வேண்டியதை வாளியளவு மண்ணில் போட்டால் வேர் எங்கே ஓடும்? நாலாம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டுவிட்டது. பையின் அடித்துளை வழியாக வாளி வாளியாகத் தண்ணீர் ஓடவிட்டு ஆறில் நாலு செடியைக் காப்பாற்றினேன். பைக்கு இந்த மாதிரி உப்பு உரம் (ரசாயன உரம்) என்றால் டீஸ்பூன்தான், அதுவும் அரை.

எலும்புத்தூள் பற்றி எல்லோரும் உயர்வாகச் சொல்வார்கள். எங்கள் ஊருக்கு அது ஒத்துவராது என்பது என் கட்சி. இங்கே போர் தண்ணீர் ஊற்றும் பக்கெட்டில் ஒரே மாதத்தில் வெள்ளைப் படலம் ஏறிவிடும். அந்தத் தண்ணீரையே ஊற்றினால் மண் நாளடைவில் காரத்தன்மைக்குத் திரும்பும். காரமண்ணில் எலும்புத்தூள் கரைவது ரொம்ப மெதுவு. போதாக்குறைக்கு இரண்டு பூனைகள் வந்து பையைப் பறித்துப் போட்டுவிட்டுப் போயின.

கடைசியில் நின்றது வேப்பம்புண்ணாக்கு. உரக்கடையில் சில்லறையாகக் கிலோ 45 ரூபாய்க்கு வாங்கினேன். 5 சதவீதத்தை ஒட்டித் தழைச்சத்து இருக்கும். மணியும் சாம்பலும் ஒன்று, ஒன்றரை. பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் வேம்பின் கசப்பு மண்ணில் தழைச்சத்து மாறுகிற வேகத்தைத் தடுத்து வைக்கும். அரசாங்கம் 2015இல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வைத்தது இதற்காகவும்தான். தினமும் தண்ணீர் ஊற்றி அடியில் ஒழுகும் பைக்கு இந்த நிதானம்தான் வேண்டும். தக்காளி வேரில் முடிச்சு போடும் நூற்புழுவும் இதற்கு அடங்கும்.

எல்லாக் கடைச் சரக்கும் ஒன்றல்ல. முதல் கடையில் வாங்கியதை ஒரு சில்வர் டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கி வைத்தேன். பத்து நிமிஷத்தில் அடியில் விரல்கடை உயரத்துக்கு மணல். கடைக்காரரிடம் கேட்டதற்கு, "வேப்பங்கொட்டைய மண்ணுலதானுங்க அம்மிணி பொறுக்கறாங்கொ" என்றார். சிரித்துவிட்டுக் கடையை மாற்றினேன். இப்போது வாங்கும் சரக்கு காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். கையில் நசுக்கினால் லேசாகப் பிசுபிசுக்கும், சாயங்காலம் சோறு பிசையும் வரைக்கும் விரலில் கசப்பு போகாது. டம்ளரில் போட்டால் தண்ணீர் மொத்தமும் கலங்கும், அடியில் ஒன்றிரண்டு கல் மட்டும் தட்டுப்படும்.

15 அங்குலப் பைக்கு மண் கலக்கும்போதே 100 கிராம் சேர்த்து, நனைத்து, பதினைந்து நாள் ஆறப்போடுகிறேன். அந்த நாட்களில் மண்ணுக்குள் விரலை விட்டால் சூடு தெரியும். அவசரப்பட்டு அந்தச் சூட்டிலேயே ஒருமுறை கத்திரி நாற்று நட்டு, எட்டும் போனது. அப்புறம் மாதம் ஒரு சின்னப் பிடி, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிக் கீறிவிட்டு மண்ணால் மூடுவேன்.

கடலைப்புண்ணாக்கும் பார்த்தேன். காங்கேயத்தில் செக்கு வைத்திருக்கும் சொந்தக்காரர் வீட்டிலிருந்து வந்தது, பச்சைக் கடலை வாசம். தழைச்சத்து 7 சதவீதம், வேம்பைவிடக் கூட. கத்திரி ஒரே வாரத்தில் கறும்பச்சைக்கு வந்தது. ஆனால் மேலாக்கில் தூவினால் வெள்ளைப் பூசணம், கீழே புதைத்தால் எறும்பு, எறும்புக்கு அப்புறம் பெருச்சாளி. அம்மாயி வேறு மாடிக்கு வந்து, "ஏஞ்சாமி, கறவ மாட்டுக்கு வெக்கறதக் கொண்டாந்து மண்ணுல பொதைக்கறயே" என்று வருத்தப்பட்டது. விலையைக் கேட்டால் அம்மாயி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெளுத்துப்போன செடிக்கு மட்டும் எப்போதாவது ஒரு ஸ்பூன்.

பூ எடுக்கும் சமயத்தில் தழை, மணி, சாம்பல் மூன்றும் சமமாக உள்ள 19:19:19 ரசாயன உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து இரண்டு தடவை ஊற்றுவதுண்டு. முழு இயற்கை என்று சொல்லிக்கொள்கிறவர்கள் மன்னிக்கவும்.

ஒன்று மட்டும் இன்னும் எந்த உரத்துக்கும் மசியவில்லை: தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவது. சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது அது. ஓவர்டைம் இருக்கும் வாரத்தில் தண்ணீர் விட்டு விட்டு ஊற்றுகிறேன். அந்த வாரத்துக் காய்தான் கறுக்கிறது. சொட்டுநீர்க் குழாய் விலை விசாரித்து வைத்திருக்கிறேன். ஆடிப்பட்டத்துக்கு இந்த முறை வேப்பம்புண்ணாக்கு ஒரு மூட்டையாகவே சொல்லியாயிற்று, பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பாதி.