தன்னை அறிய ஒரு மேலாளருக்கு எது உதவும்: மதிப்பீட்டுப் படிவமா, பத்து நிமிடக் கூட்டமா?

ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர், வாணியம்பாடி காலணித் தொழிற்சாலைகளிலும் சூப்பர்வைசராக உயர்பவர்களில் பலர் கைவேலையில் தேர்ந்தவர்கள். தோலைத் தடவிப் பார்த்தே தரம் சொல்வார்கள். தையல் இயந்திரத்தின் ஓசையை வைத்தே ஊசி மழுங்கிவிட்டது என்பார்கள். ஆனால் தம் குரல் உயரும்போது லைனில், அதாவது உற்பத்தி வரிசையில், என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அதை யாரும் வந்து சொல்வதில்லை. தெரிந்துகொள்ள இன்று வழிகள் பல உண்டு: ஆளுமைத் தேர்வு, 360 டிகிரி மதிப்பீடு, தனிப் பயிற்சியாளர், சொந்தக் குறிப்பேடு, லைனிலேயே நடத்தும் சிறு கூட்டம். நம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கடைசி இரண்டும்தான் முதலில் வர வேண்டும் என்பது என் முடிவு.

ஆளுமைத் தேர்வை விரைவாகக் கடந்துவிடலாம். அதிகம் புழங்குவது மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கும் மையர்ஸ் பிரிக்ஸ் தேர்வு. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது. பேச்சைத் தொடங்கி வைக்க அது உதவலாம். ஆனால் "நான் இந்த வகை, அதனால்தான் சட்டென்று கோபம் வருகிறது" என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

360 டிகிரி மதிப்பீட்டை அப்படித் தள்ளிவிட முடியாது. மேலதிகாரி, சக மேலாளர்கள், கீழே வேலை செய்பவர்கள் என எல்லாப் பக்கத்திலிருந்தும் பெயர் வெளியிடாமல் கருத்துத் திரட்டுகிறார்கள். நமக்கு நாமே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணும் மற்றவர்கள் போட்டதும் விலகும் இடம்தான் அதில் விலைமதிப்புள்ளது. தன் பேச்சில் தெளிவுக்கு ஐந்து போட்டுக்கொண்டவருக்கு லைன் இரண்டு போட்டிருந்தால், அந்த ஒரு வரிக்காகவே அதை நடத்தலாம்.

சிக்கல் நம் தொழிற்சாலைத் தளத்தில் தொடங்குகிறது. பெயர் மறைவாக இருக்க, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது மூன்று பேராவது பதில் சொல்ல வேண்டும் என்பது வழக்கமான விதி. ஐந்தாறு பேர் உள்ள ஒரு மேசையில் யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்க அதிக நேரம் ஆகாது. படிவம் ஆங்கிலத்தில் வந்துவிட்டால் இன்னும் மோசம். அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து கேள்வியை வாசித்துச் சொல்கிறார், தொழிலாளி வாயால் பதில் சொல்கிறார். அங்கே எந்த மறைவும் இல்லை. எல்லாருக்கும் நான்கு, எல்லாக் கேள்விக்கும் நான்கு என்றுதான் தாள் திரும்பும். சம்பள உயர்வோடும் அதை முடிச்சுப் போட்டுவிட்டால் அந்த நான்குக்கும் பொருளில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 1996இல் க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள், வேலை செய்பவருக்கு அவர் செயல்பாடு பற்றிச் சொல்லும் கருத்துரை பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டி 600க்கும் மேற்பட்ட முடிவுகளை ஒன்றாக அலசினார்கள். சராசரியாகப் பார்த்தால் கருத்துரை செயல்திறனை உயர்த்தியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான முடிவுகளில் அது திறனைக் குறைத்திருந்தது. கவனம் வேலையை விட்டு "நான் எப்படிப்பட்டவன்" என்பதன் மேல் திரும்பும் அளவுக்குப் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 360 டிகிரி அறிக்கை முழுக்க முழுக்க அந்த மனிதரைப் பற்றியது. லைன் கூட்டம் வேலையைப் பற்றியது. மனிதர் தன்னைத் தானே அதில் பார்த்துக்கொள்கிறார்.

இந்தக் கூட்டம் தோன்றிய இடம் அமெரிக்க ராணுவம். 1970களிலிருந்து அங்கே ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும், பதவி பார்க்காமல் கேட்கப்படும் கேள்விகள் நான்கு. என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம்? என்ன நடந்தது? ஏன் வித்தியாசம்? அடுத்த முறை என்ன செய்வோம்?

தையல் பிரிவில் அதை வைத்துப் பாருங்கள். அன்றைய இலக்கு எட்டவில்லை. மேலாளர் காரணம் கேட்கிறார். எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள். மூத்த தொழிலாளி ஒருவர் சொல்கிறார்: "சார், மாடல் மாறுகிறது என்று மதியம்தான் சொல்கிறீர்கள். ஸ்டோரில் புது நூல் வாங்கி வரவே அரை மணி ஆகிறது. காலையில் சொன்னால் நாங்களே எடுத்து வைத்துவிடுவோம்." அடுத்த சில நொடிகளில் மேலாளர் செய்வதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. "ஆபீஸிலிருந்து எனக்கே மதியம்தான் தெரிகிறது" என்று வாதாடினால், அது உண்மையாகவே இருந்தாலும், நாளைக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எழுதிக்கொண்டு, மறுநாள் காலையில் மாடல் பட்டியலை மேசையில் ஒட்டினால், அடுத்த வாரம் கூச்சமுள்ளவரும் பேசுவார். நேரத்தையும் பார்க்க வேண்டும். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகும் கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது. வேலை நேரத்துக்குள்ளேயே பத்து நிமிடம் ஒதுக்காத கூட்டம் பஸ்ஸுக்குப் பயந்து முடிந்துவிடும்.

கீழிருந்து வரும் சொல்லைக் கேளாமல் போவதன் விலையை வேலூர்க் கோட்டையைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் நம் மாவட்டங்களில் இல்லை. நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுகளை எதிர்த்த சிப்பாய்களுக்கு 1806 மே மாதம் கசையடி விழுந்தது. ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கலகம் வரப்போகிறது என்று லெப்டினென்ட் கர்னல் ஃபோர்ப்ஸிடம் நேரில் போய்ச் சொன்னார். விசாரிக்கும் பொறுப்பு இந்திய அதிகாரிகளிடமே விடப்பட்டது. அவர்கள் முஸ்தபா பேக்கைப் பைத்தியக்காரர் என்றார்கள், அவர் அடைத்துவைக்கப்பட்டார். ஜூலை 10ஆம் தேதி விடியுமுன் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பிறகு கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். தலைமைக்குச் செய்தி கிடைக்காமல் இல்லை. கிடைத்த செய்தியைச் சரிபார்க்க அது தேர்ந்தெடுத்த வழிதான் அதன் கண்ணை மறைத்தது.

குறிப்பேடு இந்தக் கூட்டத்துக்குத் துணை. முக்கியமான முடிவு எடுக்கும்போதே அதிலிருந்து எதை எதிர்பார்க்கிறோம் என்று எழுதிவைத்து, ஒன்பது மாதமோ ஓராண்டோ கழித்து நடந்ததோடு ஒப்பிடச் சொன்னார் நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர். செலவு ஒரு நோட்டுப் புத்தகம். ஆனால் அதில் எழுதுபவரும் திருத்துபவரும் ஒருவரே. தன் கண்ணுக்குப் படாதது நோட்டிலும் ஏறாது. எனவே அது தனியாக நிற்காது.

பயிற்சியாளர்தான் இருப்பதிலேயே செலவு மிக்க வழி. தொழிற்சாலையின் உச்சியில், மேலே கேட்க ஆளில்லாமல் இருப்பவருக்கு அது தேவைப்படலாம். பயிற்சியாளர் என்று பெயர்ப் பலகை மாட்ட எந்த உரிமமும் வேண்டியதில்லை. 1995இல் தொடங்கிய சர்வதேசப் பயிற்சியாளர் கூட்டமைப்பு தன் முதல் படிச் சான்றிதழுக்கே 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும் கேட்கிறது. அதையாவது விசாரியுங்கள். பிறகு ஒரு நாள் முழுக்கத் தளத்தில் நின்று, நீங்கள் லைனில் பேசுவதைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் அறையில் உட்கார்ந்து உங்கள் கதையை மட்டும் கேட்பவரிடம் இருப்பது உங்கள் கதை மட்டுமே. தளத்தில் நிற்க அவர் ஒப்பவில்லை என்றால், அந்தப் பணத்தை லைன் கூட்டத்தின் பத்து நிமிட உற்பத்தி இழப்புக்குக் கணக்கு வையுங்கள்.