ரயில் இல்லாத ஊர்க்காரன் ஏறிய சிங்கப்பூர் ரயில்

எங்கள் கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. வெள்ளைக்காரர் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு சின்ன ரயில் வந்து போய்க்கொண்டிருந்தது. அந்தத் தண்டவாளத்தையும் பிடுங்கிப் பல காலம் ஆகிறது. இன்றைக்கும் ரயில் ஏற வேண்டுமென்றால் ஓசூருக்கோ தருமபுரிக்கோ ஜோலார்பேட்டைக்கோ பஸ் பிடிக்க வேண்டும். அதனால் சிங்கப்பூருக்கு மூன்று நாள் போய்வந்த நான், அங்கே இருக்கிற உயரக் கட்டடங்களைப் பற்றி எழுதப் போவதில்லை. அந்த ஊர் மெட்ரோவான எம்ஆர்டி ரயிலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ரவுண்டானா பக்கம் எனக்கு லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கூட வந்தவர்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடக் கூட்டாளிகள். ஒருவனுக்குப் பர்கூரில் ஜவுளிக்கடை. இன்னொருவன் மாங்கூழ் ஆலையில் சூப்பர்வைசர். மூன்றாமவனுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. இந்தத் தோப்புக்காரன் எட்டாவதோடு நின்றவன். தெலுங்கும் கன்னடமும் வெளுத்துக்கட்டுவான், ஆனால் வாசிப்பது தமிழ் மட்டும்தான். இவனை எப்படிக் கூட்டிக்கொண்டு சுற்றுவது என்பதுதான் கிளம்பும்போது எங்கள் கவலை.

விசா எடுத்துக் கொடுத்த ஏஜென்ட், 'அரைவல் கார்டு' (அந்த நாட்டுக்குள் நுழைகிறவர்கள் நிரப்ப வேண்டிய வருகைப் படிவம்) என்று சொல்லித் தலைக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் தெரிந்தது, அது இலவசம். சிங்கப்பூர் அரசின் இணையதளத்தில், போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நாமே நிரப்பலாம். நாலு பேருக்கு இரண்டாயிரம் தண்டம்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் நுழைவில் இருக்கிற சில்க் போர்டு ஒன்றரை மணி நேரம். சில்க் போர்டிலிருந்து பெங்களூர் விமான நிலையம் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து சிங்கப்பூருக்கே நாலரை மணி நேரம்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாங்கி விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது. நாங்கள் தானா மேராவில் ஒரு தடவை, பூகிஸில் ஒரு தடவை மாறி லிட்டில் இந்தியா போய்ச் சேர்ந்தோம். அதற்கு முன்னாலேயே எக்ஸ்போவில் இறங்கி நீலத் தடத்தில் ஏறினால் நேராகவே போகலாமாம். விமான நிலையத்தை விட்டதும் வருகிற முதல் நிறுத்தமே அதுதான். பெட்டிகளை இழுத்துக்கொண்டு இரண்டு தடவை மாறிய பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்? நீங்களாவது ஒரே மாற்றத்தோடு போங்கள். கட்டணம் ஆளுக்கு இரண்டு சிங்கப்பூர் டாலரை ஒட்டித்தான் ஆனது.

இருபது வருஷமாக பிரேக் லைனிங் விற்கிறவன் நான். எந்த வண்டியில் ஏறினாலும் நிற்கும்போது காது தானாகப் போய்விடும். இங்கே நடைமேடையில் கண்ணாடிச் சுவர், அதில் கதவுகள். ரயில் வந்து நின்றால் பெட்டியின் கதவும் சுவரின் கதவும் நேருக்கு நேர் நிற்கின்றன. கிறீச்சென்று ஒரு சத்தம் இல்லை, பின்னுக்கு ஒரு உதறல் இல்லை. நீலத் தடத்திலும் ஊதாத் தடத்திலும் ஓட்டுநரே கிடையாது. ஊதாத் தடம் 2003லிருந்தே அப்படித்தான் ஓடுகிறதாம். முன் பெட்டியில் கண்ணாடி வழியாகச் சுரங்கம் முழுக்கத் தெரியும். ஜவுளிக்கடைக்காரன் சின்னப் பையன்களை ஒதுக்கிவிட்டு அங்கே போய் நின்றுகொண்டான். ஐம்பது வயது அவனுக்கு.

ரயில் நிலையக் கதவில் கட்டணத்துக்காகத் தட்டுகிற கார்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரே கார்டைத் தட்டி நாலு பேர் போக முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். நான் உள்ளே போய்விட்டு, சூப்பர்வைசருக்காக வெளியே கையை நீட்டி அதே கார்டைத் தட்டிப் பார்த்தேன். கதவு அசையவில்லை. பின்னால் வரிசை நின்றுவிட்டது. நம் ஊர் வங்கி கார்டையே தட்டலாம், ஆனால் அதற்குத் தனியாகச் சேவைக் கட்டணம் பிடிக்கும். நாங்கள் முன்கூட்டியே பணம் போட்டு வைக்கிற ஈஸிலிங்க் கார்டு வாங்கிக்கொண்டோம்.

ரயிலுக்குள் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது. தண்ணீருக்கும் அதே சட்டம். அபராதம் 500 டாலர் வரைக்கும், அதாவது நம் காசுக்கு முப்பதாயிரத்துக்கு மேல். சூப்பர்வைசர் வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்ததும், எதிரே உட்கார்ந்திருந்த சீனப் பெரியவர் ஒன்றும் பேசாமல் சுவரில் இருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். பொட்டலம் பைக்குள் போய்விட்டது. அந்த ஸ்டிக்கர் பக்கத்திலேயே, கடும் வாடை அடிக்கிற டுரியான் பழத்துக்கும் தடை. தோப்புக்காரன் படத்தைப் பார்த்துவிட்டு, "மாம்பழத்துக்கு ஒண்ணும் சொல்லலையே" என்றான்.

மூன்றாம் நாள் சைனாடவுன் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம், 1827ல் ஏற்பட்ட கோயில். தரிசனம் முடிந்ததும் தோப்புக்காரனுக்குக் கால் வலி. நாங்கள் கடைகளைப் பார்க்க வேண்டும் என்றோம். "நீங்க போங்கடா, நான் ரூமுக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டான். அவனிடம் சிம் கார்டும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து எங்களுக்குப் பயம் வந்துவிட்டது. கடையாவது ஒன்றாவது என்று திரும்பி வந்தால், லிட்டில் இந்தியா தேக்கா சந்தையில் உட்கார்ந்து தே தாரிக் என்கிற பால் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருக்கிறான். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். ஊதாக் கோடு, மூன்றாவது நிறுத்தம், பலகையில் தமிழில் லிட்டில் இந்தியா, இறங்கிவிட்டேன் என்றான். பெங்களூர் மெஜஸ்டிக்கில் எங்கள் பஸ் நிற்கும் இடத்தை நாலு பேரிடம் கேட்காமல் இவன் ஒரு நாளும் கண்டுபிடித்ததில்லை.

குறை என்றால், ரயில் மாறுவதற்கு நடக்கிற நடை. ஒரு நிலையத்தில் எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக ஏறி, மறுபடி இறங்கி, முட்டி வலிக்காரனுக்குத் தாங்காது. ஏசியும் கொஞ்சம் அதிகம். நள்ளிரவை ஒட்டி ரயில் நின்றுவிடும், லிட்டில் இந்தியாவில் இருக்கிற முஸ்தபா பெரிய கடையில் சாமான் வாங்கப் போகிறவர்கள் மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரையோரப் பூந்தோட்டத்தில் (கார்டன்ஸ் பை தி பே) இரும்பு மரங்களில் விளக்கு ஆட்டம் இரவு 7.45க்கும் 8.45க்கும், காசில்லை. லிட்டில் இந்தியாவிலிருந்து நீலத் தடத்தில் நாலாவது நிறுத்தம் பேஃபிரண்ட்.

என் ஈஸிலிங்க் கார்டில் இன்னும் நாலு டாலர் சொச்சம் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து யாராவது சிங்கப்பூர் போகிறவர்கள் இருந்தால் கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். திருப்பிக் கொடுத்தால் போதும்.