ரேடியேட்டர் ஃபேன் மாட்டியிருக்கிறீர்களா? ரிலேயின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

வண்டியில் எலெக்ட்ரிக் ரேடியேட்டர் ஃபேன் போட்டிருப்பவர்களும் போடலாம் என்று நினைப்பவர்களும் இதைப் பொறுமையாகப் படியுங்கள். பதிவு நீளம்தான், ஆனாலும் படியுங்கள். போன மாதம் காட்ரோடு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது என் பிக்கப் எரிந்துபோக இருந்தது, நானும் என் மச்சானும் உள்ளே இருந்தோம்.

பழைய டீசல் வண்டி. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு உரம், மளிகை ஏற்றுவேன், இறங்கும்போது கேரட், பூண்டு. என்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃபேனின் கிளட்ச் பிடிக்காமல் போனதால் லோடோடு ஏறினாலே டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. பைபாஸ் ஓரம் ஒரு ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையில், கிளட்ச் மாற்றுகிற காசில் எலெக்ட்ரிக் ஃபேனே போட்டுவிடலாம் என்றார்கள். எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை.

ஃபேன், ரிலே (சின்ன கரண்டை வைத்து பெரிய கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்), ஃபியூஸ், ஒயர், கூலி எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய் வாங்கினார்கள். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்ணே, எதுக்கு வீணா?" என்றார் அந்தத் தம்பி. "ரிலே எங்கப்பா?" என்று நான் கேட்கவும் கேட்டேன். பேட்டரி பக்கத்தில் ஸ்க்ரூ முடுக்கி மாட்டியிருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினார். அடியில் கட்டுக்கட்டாக டேப் சுற்றி ஒயர் போவது தெரிந்தது. சரி, வேலை ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது என்று வந்துவிட்டேன். டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து, முள் ஏறினால் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள்.

இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு 25 மூட்டை காம்ப்ளக்ஸ் உரம், ஒன்றேகால் டன். அடிவாரத்திலேயே ஃபேனைப் போட்டுவிட்டேன். டம்டம் பாறை வருவதற்கு முன்னால் பிளாஸ்டிக் கருகும் வாடை. முன்னால் போகும் லாரியின் பிரேக் வாடை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் மச்சான் கால் மாட்டில் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. ஓரம் கட்டி சாவியைத் திருப்பினேன், என்ஜின் நின்றது, புகை நிற்கவில்லை, இன்னும் அதிகமாக வந்தது. பானெட்டைத் தூக்கினால் உள்ளே ஒரு ஒயர் ஸ்டவ் கம்பி மாதிரி சிவந்திருக்கிறது. சீட்டுக்கு அடியிலிருந்த 10 நம்பர் ஸ்பானரை மச்சான் எடுத்துக் கொடுத்தார், பேட்டரி மைனஸைக் கழற்றினேன். அதற்குள் பக்கத்தில் போன ஹெட்லைட் ஒயரும் ஹாரன் ஒயரும் சேர்ந்து உருகிவிட்டன. அந்த ஸ்பானர் டூல்பாக்ஸில், மூட்டைக்கு அடியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

வண்டியைக் கட்டி இழுத்து வத்தலக்குண்டில் வயதான ஒரு எலெக்ட்ரீஷியனிடம் விட்டேன். அவர் முதலில் செய்த வேலை, அந்த ரிலேயைக் கழற்றித் திருப்பியது. "இங்க பாருங்க தம்பி" என்று நீட்டினார். பின்களில் ஒரு ஒயர்கூட இல்லை. பேட்டரியிலிருந்து வந்த ஒயர் ரிலேக்கு அடியில் வெறுமனே முறுக்கி டேப் ஒட்டப்பட்டு, நேராக டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து ஃபேனுக்குத் திரும்பியிருந்தது. ஃபியூஸ் எங்கேயும் இல்லை. ரிலேக்கும் ஃபியூசுக்கும் என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்கள், ஒன்றைப் பொம்மை மாதிரி மாட்டி, மற்றதை மாட்டாமலே விட்டிருக்கிறார்கள்.

ஒயர் 1 ஸ்கொயர் எம்எம், வீட்டில் லைட்டுக்கு இழுப்பது. என் 16 இன்ச் ஃபேன் ஓடும்போது 18 ஆம்பியர் இழுக்கிறது, கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. அந்த மெல்லிய ஒயரில் போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்றால் வழியிலேயே கிட்டத்தட்ட 2 வோல்ட் காணாமல் போகும், ஒயரிலேயே 36 வாட் சூடாக மாறும். ஃபேனும் முழு வேகத்தில் சுற்றாது. அதுபோக, கேபினுக்குள் நுழையும் தகட்டு ஓட்டையில் ரப்பர் வாஷர் போடவில்லை. சூட்டில் இளகிய ஒயர் தகட்டில் உரசி பாடியில் ஷார்ட் ஆகியிருக்கிறது. பேட்டரியிலிருந்து நேராக வந்த லைன் என்பதால் சாவிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நடுவில் ஒரு ஃபியூஸ் இருந்திருந்தால் ஒரு நொடியில் போயிருக்கும், நான் ஓரமாக நிறுத்தி என்ஜின் ஆறும்வரை காத்திருந்திருப்பேன், அவ்வளவுதான்.

அவர் செய்தது இது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து 4 ஸ்கொயர் செம்பு ஒயர், 40 ஆம்பியர் ரிலேயின் 30-ஆம் பின்னுக்கு (ரிலேயின் அடியில் ஒவ்வொரு பின்னுக்கும் நம்பர் போட்டிருக்கும்). 87-லிருந்து ஃபேன் பிளஸ். 86-க்கு சாவி லைன், அதாவது சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் ஒயர். 85, ரேடியேட்டரில் மாட்டிய தெர்மோ சுவிட்ச் (சூடு ஏறினால் தானாக ஆன் ஆகும் சுவிட்ச்) வழியாக எர்த்துக்கு. இந்த 85, 86-க்கு மெல்லிய ஒயர் போதும், ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கால் ஆம்பியர்கூட இழுக்காது. பெரிய கரண்ட் கேபினுக்குள் வரவே தேவையில்லை. ஃபேன் மைனஸ் ஒயரின் முனையில் லக் (வளைய முனை) அடித்து, பெயின்ட் சுரண்டிய சேசிஸில் முடுக்கினார். ஒயரை பிளேடால் சுரண்டிப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வாங்காதீர்கள். ஃபேன் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், ஃபேன் முனையில் 13.6. அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் எங்கோ ஜாயின்ட் சரியில்லை என்றார். உருகிய ஒயரிங்கையும் சேர்த்து 5,400 ரூபாய் ஆனது, பில்லோடு.

பழைய கடைக்கு அந்த ரிலேயை எடுத்துக்கொண்டு போனேன். "நாங்க நல்லாத்தான் மாட்டிக் குடுத்தோம், வெளியில யாரோ கை வச்சிருக்காங்க" என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடு என்றார் மச்சான். கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு, அதில் கடைப் பெயர்கூட இல்லை. 400 ரூபாய் சாமானை மிச்சம் பிடிக்க இரண்டு உயிரோடு விளையாடியிருக்கிறார்கள் என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

எந்தக் கடையில் ஃபேன் போட்டிருந்தாலும் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தியே சோதிக்கலாம், மீட்டர் தேவையில்லை. ஃபேன் ஓட ஆரம்பித்ததும் பெல்ட்டில் கை படாத இடத்தில் நின்று ரிலேயை உருவுங்கள், ஃபேன் நிற்க வேண்டும். திரும்ப மாட்டிவிட்டு ஃபியூஸை உருவுங்கள், அப்போதும் நிற்க வேண்டும். இரண்டில் ஏதாவது ஒன்றை உருவியும் ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தால் என்ஜினை நிறுத்தி பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள், ஒயரிங்கை மாற்றாமல் அந்த வண்டியில் மலை ஏறாதீர்கள். ஒரு 10 நம்பர் ஸ்பானர் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கட்டும்.