ரேஷன் பொருள்களை நம்பி நான்கு பேருக்கு ஒரு மாதச் சமையல்: எது கைகொடுக்கிறது, எது போதவில்லை

நியாய விலைக் கடையைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் அரிசியின் தரத்தில் வந்து முடிந்துவிடுகிறது. அரிசி நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது முக்கியமான கேள்விதான். ஆனால் குறைந்த வருமானத்தில் சமையலறையை நடத்துகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: அந்தக் கடையிலிருந்து வரும் பொருள்களை அடித்தளமாக வைத்து, மேற்கொண்டு எந்தப் பொருளுக்குக் காசு செலவழித்தால் குடும்பம் வயிறாரவும் சத்தாகவும் சாப்பிட முடியும்? மதுரையில் வாடகை வீட்டில், பெரியவர்கள் இருவரும் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவருமாக வாழும் எங்கள் வீட்டின் சமையலை வைத்து, அட்டைக்குக் கிடைக்கும் ஒவ்வொரு பொருளையும் இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் கணக்கு. முன்னுரிமைக் குடும்ப அட்டைக்கு ஓர் ஆளுக்கு 5 கிலோ வீதம் நான்கு பேருக்கு மாதம் 20 கிலோ அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்த்யோதயா அட்டை என்றால் குடும்பத்துக்கு 35 கிலோ. 2007 முதல் நடக்கும் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்கும் தருகிறார்கள். சர்க்கரை கிலோ 25 ரூபாய் வீதம் எங்களுக்கு 2 கிலோ. இருப்பு உள்ள மாதங்களில் அரிசியின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கோதுமையை விலையின்றி வாங்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் வாங்கினாலும் கடையில் கொடுக்க வேண்டிய தொகை 105 ரூபாய்தான். இந்த விலைக்கு இத்தனை பொருள் வேறு எங்கும் கிடைக்காது.

அரிசியை எடுத்துக்கொள்வோம். மாதத்துக்கு மாதம் தரம் மாறுகிறது என்பது உண்மை. சில மாதங்களில் வரும் புழுங்கலரிசி வெள்ளையாக, முழு மணியாக இருக்கிறது. சில மாதங்களில் குருணையும் கருப்பு அரிசியும் கலந்து, மூட்டை வாடையோடு வருகிறது. வாடை உள்ள அரிசியைக் குக்கரில் வைத்தால் அந்த வாடை சோற்றிலேயே தங்கிவிடும். மூன்று முறை நன்றாகக் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அகலமான பாத்திரத்தில் நிறைய உலை வைத்துக் கஞ்சி வடித்தால் சோறு உதிரி உதிரியாக வருவதோடு வாடையும் பெருமளவு போய்விடுகிறது. எரிவாயு சற்றுக் கூடுதலாகச் செலவாகும் என்றாலும், பிள்ளைகள் முகம் சுளிக்காமல் சாப்பிடுவதற்கு இது ஒன்றே வழி.

இட்லிக்கு இந்த அரிசி மிகவும் பொருத்தமானது. நான்கு டம்ளர் ரேஷன் புழுங்கலரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்தும் ஒரு தேக்கரண்டி வெந்தயமும் போட்டு அரைத்தால், தனியாக இட்லி அரிசி வாங்க வேண்டிய தேவையே இல்லை. உளுந்தை மட்டும் பொங்கப் பொங்க அரைத்து, அரிசியைக் கொஞ்சம் கொரகொரப்பாக எடுக்க வேண்டும். 20 கிலோவில் 15 கிலோவை நாளொன்றுக்கு அரைக் கிலோ வீதம் சோற்றுக்கும், 5 கிலோவை மாவுக்கும் ஒதுக்கினால் மாதம் முழுவதும் அரிசி வெளியில் வாங்காமல் ஓடுகிறது.

கழுவும்போது மற்ற அரிசியிலிருந்து சற்று வேறுபட்டு, வழவழப்பாகத் தெரியும் சில மணிகளைப் பார்த்து பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிகிறவர்கள் இன்னமும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவை செறிவூட்டப்பட்ட மணிகள். அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்து அரிசி வடிவிலேயே பிழிந்தெடுத்து, 100 கிலோ அரிசிக்கு ஒரு கிலோ என்ற அளவில் கலக்கிறார்கள். 2023 இல் தமிழகம் முழுவதும் ரேஷனில் இந்த அரிசியைத் தரத் தொடங்கினார்கள். இரத்தசோகை இவ்வளவு பரவலாக இருக்கும் நாட்டில், நூற்றில் ஒன்றாக வரும் அந்த மணியைக் குப்பையில் போடுவது மனத்தை வருத்துகிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பருப்புக்கு வருகிறேன், இந்த மதிப்பீட்டில் நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான். 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பு வெளியில் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறது. தரமும் பெரும்பாலும் குறை சொல்லும்படி இல்லை. சற்று நேரம் ஊறவைத்துவிட்டு, பெருங்காயமும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டு வேகவைத்தால் நன்றாகவே மசிகிறது. ஒரு சாம்பாருக்கு 80 கிராம் என்று வைத்தால் ஒரு கிலோவில் 12 நாள் பருப்புச் சமையல் நடக்கும். மசித்த பருப்பின் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை முதலிலேயே ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட்டால், அன்று இரவுக்கோ மறுநாளுக்கோ ரசத்துக்கு ஆகும்.

ஆனால் இந்த ஒரு கிலோவை நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் பகிர்ந்து பாருங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வருவது வெறும் 8 கிராம். அதிலிருந்து உடம்புக்குச் சேரும் புரதம் 2 கிராம்கூடத் தேறாது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2,000 கலோரிக்கான ஒரு நாள் உணவில் பருப்பு, முட்டை, இறைச்சி ஆகிய வகைகளுக்குச் சேர்த்து 85 கிராம் ஒதுக்கச் சொல்கிறது. வயிற்றை நிரப்பும் அரிசியை ரேஷன் கடை தாராளமாகத் தருகிறது. அந்த 85 கிராமில் பத்தில் ஒரு பங்கைத்தான் தருகிறது. மீதியை நாம்தான் வாங்கியாக வேண்டும். இதை உணராமல் சோற்றின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதுதான் சிக்கனச் சமையலில் அதிகம் நடக்கும் தவறு.

அப்படியானால் அதற்கான பணம் எங்கிருந்து வரும்? அரிசியிலிருந்துதான் வரும். ரேஷன் அரிசியை ஆட்டுக்கும் கோழிக்கும் போட்டுவிட்டோ, வீட்டு வேலைக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிட்டோ, கடையில் பொன்னி அரிசி வாங்கிச் சமைக்கும் நடுத்தர வீடுகள் நிறைய. பொன்னி கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 கிலோவுக்கு 1,200 ரூபாய் ஆகிறது. முட்டை ஒன்று 7 ரூபாய் என்றாலும், நான்கு பேருக்கும் தினமும் ஒரு முட்டை கொடுக்க மாதம் 840 ரூபாய் போதும். மிச்சமுள்ள 360 ரூபாயில், கிலோ 120 ரூபாய் என்று கொண்டால் 3 கிலோ பயறு வாங்கலாம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம். ரேஷன் பருப்பு 8 கிராம், பயறு 25 கிராம், ஏறத்தாழ 50 கிராம் எடையுள்ள ஒரு முட்டை, எல்லாம் சேர்ந்தால் அந்த 85 கிராமை ஒட்டி வந்துவிடுகிறது. சோற்றின் மென்மைக்குக் கொடுக்கும் அதே தொகை பிள்ளைகளின் உடம்பில் சேர்கிறது என்றால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சத்துணவில் முட்டை கிடைத்துவிடுவதால், அந்த வீடுகளில் இந்தத் தொகை இன்னும் குறையும்.

பயறு என்றவுடன் சுண்டலை மட்டும் நினைக்க வேண்டியதில்லை. தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு, வறுத்துக் குழைய வேகவைத்த பச்சைப்பயறு, கொள்ளு வேகவைத்த தண்ணீரில் ரசமும் அந்தக் கொள்ளில் துவையலும், மொச்சையும் கருவாடும் சேர்ந்த குழம்பு என்று வாரத்தில் நான்கு நாள் துவரம் பருப்பைத் தொடாமலே நடத்தலாம். இவற்றில் கொள்ளு விலையும் குறைவு, ருசியும் அதிகம். வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, காய்ந்த மிளகாய், பூண்டு, புளி, இரண்டு துண்டு தேங்காய் வைத்து அரைத்தால், கூடப் பொரியல்கூடக் கேட்காது.

பாமாயிலைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. அதில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பதால் அதை மட்டுமே வைத்து மாதம் முழுவதும் சமைப்பது நல்லதில்லை. ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் என்ற அளவைக் கடைப்பிடித்தால் எங்கள் வீட்டுக்கு 2 லிட்டர் தேவை. ஒரு லிட்டர் ரேஷன் பாமாயிலைத் தோசைக்கும், அப்பளம் பொரிப்பதற்கும், எப்போதாவது செய்யும் பலகாரத்துக்கும் வைத்துக்கொண்டு, தாளிப்புக்கும் குழம்புக்கும் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் வாங்குவது என் வழக்கம். மார்கழிக் குளிரில் பாக்கெட்டின் அடியில் வெள்ளையாக உறைவது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எடுத்தால் தெளிந்துவிடும்.

சர்க்கரை தேவைக்கு மேலேயே வருகிறது. வாங்காமல் விட்டாலும் நட்டமில்லை. கோதுமை கிடைத்தால் விடக்கூடாது. அதைக் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்து, ஒரு கிலோவுக்கு ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை சேர்த்து மில்லில் அரைத்தால், பாக்கெட் மாவைவிட நிறம் குறைவாக இருந்தாலும் சப்பாத்தி மென்மையாக வருகிறது. கொஞ்சத்தை ரவையாக உடைத்து வைத்துக்கொண்டால் இரவு உப்புமாவுக்கு ஆகும்.

காய்கறிக்கு உழவர் சந்தையைத் தவிர வேறு இடத்தை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. 1999 நவம்பர் 14 அன்று இந்தத் திட்டம் தொடங்கியதே மதுரை அண்ணா நகரில்தான். விவசாயிக்குக் கடை வாடகையும் கிடையாது, இடைத்தரகர் கமிஷனும் கிடையாது. அன்றைய விலையைக் காலையிலேயே பலகையில் எழுதிவிடுவதால், விலை கேட்டுக் கூச்சப்பட வேண்டியதில்லை. எடையும் சரியாக இருக்கிறது. கீரைக் கட்டின் வேர்ப்பக்கத்தைப் பார்த்தால் மண் இன்னும் ஈரமாக ஒட்டியிருக்கும். நேரம் ஆக ஆக, கொண்டுவந்ததைத் திரும்பச் சுமக்க மனமில்லாமல், "காலையில புடுங்குன கீரைம்மா, ரெண்டு கட்டா எடுத்துக்கங்க" என்று அவர்களே குறைத்துத் தருகிறார்கள். ஆனால் பட்டியல் போட்டுக்கொண்டு போய் அதிலிருப்பதையே வாங்குவது என்று நின்றால் உழவர் சந்தையிலும் பணம் கரைந்துவிடும். எது அன்றைக்குக் குவிந்து கிடக்கிறதோ அதை வாங்கிவிட்டுக் குழம்பைப் பிறகு தீர்மானிக்க வேண்டும். சுரைக்காயும் பூசணியும் மலிந்தால் கூட்டு. பீர்க்கங்காய் வாங்கினால் தோலில் துவையல். வாழைத்தண்டு, முருங்கைக் கீரை இரண்டும் எந்த மாதத்திலும் கையைக் கடிப்பதில்லை.

இனி, குறைகள். பருப்பும் எண்ணெயும் மாதத் தொடக்கத்தில் வந்து சேராதது பெரிய குறை. முதல் வாரத்தில் போனால் அரிசி மட்டும் இருக்கும். "பருப்பு இன்னும் இறங்கலைம்மா, பத்தாம் தேதிக்கு மேல வந்து பாருங்க" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி, கைரேகை வைக்க இன்னொரு நாள் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு அந்த இன்னொரு நாள் என்பது அரை நாள் சம்பளம். பருப்பில் மிஞ்சும் எழுபது, எண்பது ரூபாயை அது விழுங்கிவிடும். நான் வாங்கும் கடையில், கேட்காமலே உப்பும் சேமியாவும் எடுத்து வைத்து, அவற்றையும் வாங்கினால்தான் பருப்பு என்பது போலப் பேசியதும் உண்டு. அப்படி வாங்க வேண்டிய கட்டாயம் அட்டைதாரர் யாருக்கும் இல்லை. வேண்டாம் என்று பொறுமையாகவும் உறுதியாகவும் சொன்னால் எடுத்துவிடுகிறார்கள்.

முன்பு இதே திட்டத்தில் உளுத்தம் பருப்பும் 30 ரூபாய்க்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியது சமையலறையில் இன்றும் உணரப்படும் இழப்பு. இட்லி மாவில் காசு போவது உளுந்துக்குத்தான். அரிசியைச் சும்மா தந்து உளுந்தை வெளியில் வாங்கச் சொன்னால், வீட்டில் உளுந்தின் அளவு குறைந்து, ஆறு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் என்று இறங்கிவிடுகிறது. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 இல் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். அதை மதுரைக்கும் கொண்டுவந்தால் எங்கள் வீட்டில் காலைக் கஞ்சியும் இரவு அடையும் அதிலேயே நடக்கும். இந்த இரண்டையும் அரசு செய்தால், மேலே சொன்ன புரதக் கணக்கில் பள்ளத்தின் ஒரு பகுதி ரேஷன் கடையிலேயே நிரம்பிவிடும்.

குறைகள் இத்தனை இருந்தும், மாத வருமானம் நெருக்கடியாக உள்ள எந்த வீட்டுக்கும் இந்தக் கடையின் அரிசியையும் பருப்பையும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பொருள் வாங்கியதும் பதிவு செய்த கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியை மட்டும் அங்கேயே நின்று படித்துவிடுங்கள். வாங்காத பருப்போ எண்ணெயோ அதில் வாங்கியதாகப் பதிவாகியிருந்தால் உடனே விற்பனையாளரிடம் காட்டிக் கேளுங்கள். சரிசெய்ய மறுத்தால் 1967 என்ற எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.